களுதாவளைக் கிணத்தில நைத்திரேற்று: உரமா, குழியா?

மட்டக்களப்புக் களுதாவளையில எங்கட வளவுக் கிணறு. மணல் தரை, 18 அடி ஆழம், கொங்கிறீட் வளையம் இறக்கினது. ஆடியில நைத்திரேற்று (உரத்தாலயும் மலக்கழிவாலயும் தண்ணியில சேருற நைதரசன் உப்பு) லீற்றருக்கு 47 மில்லிகிராம் இருந்தது. மாரி முடிஞ்சு தை மாசம் பார்த்தா 82. உலக சுகாதார நிறுவனத்தின்ட வழிகாட்டல் அளவு 50. நிறமில்ல, மணமில்ல, ருசியும் மாறல்ல. புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறதால அதுக்கு மட்டும் போத்தல் தண்ணி வாங்குறம்.

கிணத்த இறைச்சு, சேறெடுத்து, குளோரினும் போட்டாச்சு. கிருமி போயிட்டு, நைத்திரேற்று அசையல்ல. கொதிக்க வைக்கச் சொல்லாதீங்க, தண்ணி வத்த வத்த அது இன்னும் கூடும்.

கிழக்கால, ரோட்டுப் பக்கம் வெங்காயத் தோட்டம். யூரியா எறிஞ்ச கையோட தண்ணி இறைப்பாங்க. மேற்கால, வாவிப் பக்கம், 40 அடி தள்ளி எங்கட மலசலகூடக் குழி, அடியில சீமெந்து இல்ல. நிலத்தடித் தண்ணி வாவிப் பக்கம் சரியுறதெண்டா சந்தேகம் தோட்டத்திலதான். ஆனா மோட்டர் போட்டு இழுக்கக்குள்ள குழிப் பக்கத் தண்ணியும் திரும்பி வரலாம்தானே. தோட்டக்காரர் சொந்தக்காரர், சும்மா வாய விட ஏலாது.

உரமா, குழியா எண்டு பிரிச்சறிய, நைத்திரேற்றோட சேர்த்து வேற எதை அளக்கச் சொல்லி ஆய்வுகூடத்துக்குத் தண்ணி மாதிரி குடுக்கணும்?