கடவுள் நம்பிக்கை போன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வது?

மழைக்காலம்:
வீட்டில் எல்லோரும் பக்தி உள்ளவர்கள், எனக்கு மட்டும் கல்லூரி முடிவதற்குள் நம்பிக்கை விட்டுப்போயிற்று. அதில் வருத்தம் இல்லை. ஆனால் இப்போது அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அம்மா விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெளிந்து எழுந்து வருகிறார், எனக்கு அப்படிப் போய் உட்கார ஓர் இடம் இல்லை. செத்தால் எல்லாம் முடிந்தது என்றால் எதற்கு இவ்வளவு பாடு என்று ராத்திரியில் தோன்றுகிறது. தத்துவம் வேண்டாம். நம்பிக்கை இல்லாமல் நிறைவாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்களா?

கரிசல்காடு:
இருக்கிறார்கள். விஜயவாடா நாத்திக மையத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள். கோரா என்ற ஆந்திர நாத்திகரும் அவர் மனைவி சரஸ்வதியும் 1940-இல் முதுநூர் கிராமத்தில் தொடங்கியது, 1947-இல் விஜயவாடாவுக்கு வந்தது. கடவுள் இல்லை என்று பேசுவதோடு அவர்கள் நிற்கவில்லை, தீண்டாமையை உடைக்க எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிட்டார்கள், மகளுக்கே சாதி மறுப்புத் திருமணம் செய்துவைத்தார்கள். அவர்கள் மருமகள் ஹேமலதா லவணம், தெலுங்குக் கவிஞர் ஜாஷுவாவின் மகள், குற்றப் பரம்பரை என்று வெள்ளைக்காரன் முத்திரை குத்திய ஸ்டூவர்ட்புரம் மக்களோடும் சிறுவயதிலேயே சாமிக்குப் பொட்டுக்கட்டி விடும் ஜோகினி முறையில் சிக்கிய பெண்களோடும் பல வருடம் வேலை செய்தார். அவருக்கு மறுமையில் கூலி கிடைக்கும் என்ற எண்ணமே கிடையாது. அந்தப் பெண்கள் தலைநிமிர்ந்தால் போதும். எதற்குப் பாடு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. பகத்சிங்கும் அப்படித்தான், தூக்குக்கயிறோடு எல்லாம் முடிந்துவிடும் என்று சிறையில் தெளிவாக எழுதிவைத்துவிட்டுத்தான் 23 வயதில் போனார்.

திருவரங்கத்தான்:
நான் நம்பிக்கை உள்ளவன், அவர்களை மதிக்கிறேன். ஆனால் அதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை. சாதாரண ஆளுக்கு ஒரு துக்கம் வந்தால் கோயில், சடங்கு, கூடிவரும் நாலு பேர், இதுதானே தாங்குகிறது? கொள்கை வந்து ராத்திரியில் பக்கத்தில் உட்காருமா?

தறிக்காரர்:
நியாயமான கேள்வி ஐயா. தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீடு சுயமரியாதை வீடு. ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் கல்யாணம் நடந்தது, அண்ணா முதல்வரான பிறகுதான் சட்டமும் அதை ஏற்றது. சாவு விழுந்தால் கருமாதி கிடையாது, படத்திறப்பு வைப்போம். ஊர் திரண்டு வரும், இறந்தவர் யாருக்கு என்ன செய்தார் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள், கடன் கொடுத்ததைச் சொல்வார்கள், சண்டை போட்டதையும் சொல்வார்கள், சொல்லும்போதே அழுவார்கள். அத்தை போனபோது நாங்கள் அழுது தீர்த்தது அந்தக் கூடத்தில்தான். நீங்கள் சொல்லும் அந்த நாலு பேர் எங்களுக்கும் உண்டு, நடுவில் சாமி இல்லை, அவ்வளவுதான். தானாக அமைந்துவிடாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், யாராவது முன்நின்று கூட்ட வேண்டும்.

மழைக்காலம் தம்பி, அப்பா கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் கைபிடித்துக் கூட்டிப் போங்கள், உங்கள் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது. அப்புறம் ராத்திரியில் தனியாக யோசித்துக்கொண்டு கிடக்காமல் அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருடைய பழைய கதையைக் கேளுங்கள், யார் யாரோடு வேலை பார்த்தார், யாருக்கு உதவினார் என்று. அந்த ஆட்களில் யாராவது இன்னும் இருந்தால் கூப்பிட்டுப் பேசவையுங்கள்.