375 டெராஹெர்ட்ஸ் ஒளி உள்ளே போய் 1 டெராஹெர்ட்ஸ் எப்படி வெளியே வருகிறது?

குடியாத்தத்தான்:
காட்பாடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு கேலியம் ஆர்சினைடு என்ற குறைக்கடத்திப் படிகம். அதன் மீது லேசர் துடிப்புகளை அடிக்கிறோம். 800 நானோமீட்டர் லேசரின் அதிர்வெண் 375 டெராஹெர்ட்ஸ் (ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு லட்சம் கோடி அதிர்வு). ஆனால் படிகத்திலிருந்து கிளம்புவது 1, 2 டெராஹெர்ட்ஸ் அலை. கூடவே அணிக்கோவை, அதாவது படிகத்தின் அணு அடுக்கு, 8.8 டெராஹெர்ட்ஸில் ஒத்திசைவாக அதிர்கிறதாம். சமன்பாடு போட வருகிறது. உள்ளே நடப்பது என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

பாலாற்றங்கரை:
தம்பி, நிறத்தை விடுங்க, நேரத்தைப் பாருங்க. 375 என்பது துடிப்புக்குள் ஒளி ஆடுகிற வேகம். துடிப்பு மொத்தமுமே 50 ஃபெம்டோசெகண்டில் முடிந்துவிடுகிறது (ஒரு ஃபெம்டோசெகண்ட் என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). விஷயம் அதில்தான் இருக்கிறது.

ஃபோட்டான் ஆற்றல் 1.55 எலக்ட்ரான் வோல்ட், ஆர்சினைடின் பட்டை இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல், 1.42. அதனால் விடுபட்ட எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் சட்டென்று பிறக்கின்றன. பரப்பை ஒட்டி ஏற்கெனவே இருக்கும் மின்புலம் இரண்டையும் எதிரெதிராகத் தள்ளும். மின்னோட்டம் மாறும் வேகத்தைப் பொறுத்தே கதிர்வீச்சு. ஒரு பிக்கோசெகண்டுக்குள் (ஆயிரம் ஃபெம்டோசெகண்ட்) மாறினால் கிளம்புவது டெராஹெர்ட்ஸ்.

இனி அதிர்வு. அதே மின்புலம் கேலியம், ஆர்செனிக் அயனிகளை லேசாக இழுத்து வைத்திருந்தது. பிரிந்த மின்னூட்டங்கள் அந்தப் புலத்தை மறைத்ததும், இழுத்துப் பிடித்த ஊஞ்சலை விட்டதுபோல அயனிகள் எல்லாம் ஒரே கணத்தில் புறப்படும். அறை வெப்பத்திலும் அணுக்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஆட்டத்தின் வெவ்வேறு கட்டத்தில், கூட்டினால் ஒன்றுமில்லை. இங்கே எல்லாம் ஒரே கட்டம். படிகத்தின் எதிரொளிப்பு ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குவதாக அது தெரியும். திரையில் அந்த நெளிவை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை.

குடியாத்தத்தான்:
அப்போ 200 ஃபெம்டோசெகண்ட் துடிப்பு கொடுத்தால், சார்?

பாலாற்றங்கரை:
அதிர்வு தெரியாது. 8.8-க்கு ஓர் அலைவு 114 ஃபெம்டோசெகண்ட். துடிப்பு அதைவிட நீண்டால், முன்னால் பிறந்த மின்னூட்டங்கள் தொடங்கிவைத்த ஆட்டத்தைப் பின்னால் பிறந்தவை கலைத்துவிடும். 1 டெராஹெர்ட்ஸ் பக்கத்து அலை வந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் லேசரைச் சுருக்க முடியாதென்றால் டெல்லூரியம் எடுங்க. அதன் அதிர்வு 3.6 டெராஹெர்ட்ஸ்தான், 100 ஃபெம்டோசெகண்டே போதும்.

சத்துவாச்சாரி:
ஒன்று சேர்க்கிறேன். நிறமாலையில் 1.1, 1.67 டெராஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்தால் படிகத்தின் குணம் என்று எழுதிவிடாதீங்க, அது காற்றிலுள்ள நீராவி. ஐப்பசி மழையில் நம்ம ஊரில் ஏசி போட்டாலும் அது போகாது. அலை போகும் பாதையைப் பெட்டியால் மூடி உலர் நைட்ரஜன் விடுங்க. அப்புறம், அளக்கும் துடிப்பைத் தாமதப்படுத்தும் கண்ணாடி 1 மைக்ரான் நகர்ந்தால் தாமதம் 6.67 ஃபெம்டோசெகண்ட். 2 மைக்ரான் படியாக நகர்த்தினால் 8.8 டெராஹெர்ட்ஸின் ஓர் அலைவுக்கு 8 புள்ளி கிடைக்கும். அதைவிடப் பெரிய படி வேண்டாம்.