2012 இ-450 மோட்டார்ஹோம்: ஷாக் மாற்றினால் இந்த ஆட்டம் நிற்குமா?

தெருவோரக்கூடு, ஸ்காபரோ:

வணக்கம் எல்லோருக்கும். போன வசந்தத்தில் பாவித்த மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினேன். ஃபோர்ட் இ-450 சேசிஸ், 2012, 6.8 லிட்டர் வி10, 29 அடி. 94,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, உள்ளே சோபா, திரைச்சீலை எல்லாம் புதுசு மாதிரி இருந்தது, அதில் மயங்கிக் கீழே குனிந்து பார்க்கவில்லை, அது என் பிழைதான். ஜூலையில் குடும்பத்தோடு 17ஆம் நெடுஞ்சாலையால் சுப்பீரியர் ஏரிக்கரையோரம் வாவா வரை போய் வந்தோம். இடத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாகனத்தைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பக்கம் குளிர்காலத்தில் நிலம் உறைந்து ரோட்டே வீங்கி, பிறகு அப்படியே மேடும் பள்ளமுமாய் நிற்கிற இடங்கள் நிறைய. அப்படி ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ஒரு தரத்தோடு அடங்காமல் மூன்று நாலு தரம் தலையாட்டுகிறது, அலையில் வள்ளம் போகிற மாதிரி. பாலத்து மூட்டுகளில் பின்பக்கம் டக் டக் என்று அடிக்கிறது. ஒரு அடியில் அலுமாரிக் கதவு திறந்து இடியப்பத் தட்டு, நீத்துப்பெட்டி எல்லாம் நடைவழியில் உருண்டன. இதை விடப் பயம் தருவது, பெரிய ரக் முந்திப் போகும்போது முதலில் கரைப் பக்கம் தள்ளிவிட்டுப் பிறகு ரக்கின் பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முன் ரயரைக் கையால் தடவினால் விளிம்பில் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருப்பது தெரிகிறது.

இங்கே ஒரு கராஜில் காட்டினேன். நாலு ஷாக் (சக்கரத்துக்குக் கிட்ட துள்ளலை அடக்குகிற குழாய்), பின் ஸ்பிரிங், ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங்கின் உதறலை அடக்குவது) எல்லாம் மாற்ற வேணும் என்று 3,400 டாலர் சொன்னார்கள். ஸ்பிரிங் எதற்கு என்று கேட்டால் "பழசு" என்பதுதான் பதில். ஷாக்கை மட்டும் வீட்டு டிரைவ்வேயில் வைத்து நானே மாற்றலாமா? காரில் பிரேக் பேட் மாற்றிய அனுபவம் உண்டு, அவ்வளவுதான். எந்த ஷாக் வாங்குவது? செப்டம்பரில் இன்னொரு பயணம் இருக்கிறது.

மிசிசாகா மாறன்:

என்னிடம் இருப்பதும் இ-450தான், 2010. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு ஷாக்கையும் நானே மாற்றினேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், மாற்றலாம். பின்னால் இரண்டும் சுலபம், முன்னால் இரண்டும் உயிரை எடுக்கும்.

பின் ஷாக்குக்கு மேலும் கீழும் வளையம், அதற்குள் போல்ட். வண்டி உயரமாக இருப்பதால் சக்கரத்தைத் தூக்காமலே கீழே ஊர்ந்து போய் வேலை செய்யலாம். கழற்றுவதற்கு மூன்று நாள் முன்னாலிருந்தே தினமும் ஒரு தடவை துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள். ஒன்டாரியோவில் ரோட்டில் கொட்டுகிற உப்புக்குக் கீழே இருக்கும் எந்த போல்ட்டும் முதல் தடவையில் அசையாது. கிரைண்டரும் கையில் இருக்கட்டும், புது போல்ட் நட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன் ஷாக்கில் கீழேதான் போல்ட், மேலே தண்டு நீட்டிக்கொண்டு அதன் தலையில் நட் இருக்கும். அந்த நட்டைத் திருகினால் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் கை போகாது. என் வண்டியில் ஒரு பக்கம் இருபது நிமிஷம், மறுபக்கம் ஒரு முழு சனிக்கிழமை. கடைசியில் நட்டின்மேல் நீளமான சாக்கெட்டை மாட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டித் தண்டையே உடைத்துவிட்டேன். பழைய ஷாக் எப்படியும் குப்பைக்குத்தான், அதற்குப் போய் மரியாதை பார்க்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். காஸ் நிரப்பிய ஷாக் ஒரு பட்டையால் கட்டி அமுக்கித்தான் வரும். ஆர்வத்தில் அதை முதலிலேயே வெட்டிவிடாதீர்கள், முழு நீளத்துக்கு விரிந்துவிடும், அப்புறம் கையால் அமுக்கி உள்ளே தள்ள நானும் என் மச்சானும் பட்ட பாடு இருக்கிறதே. மேல் முனையை மாட்டிவிட்டு, கீழ் முனையைத் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அப்புறம் வெட்டுங்கள்.

நான் போட்டது பில்ஸ்டீன் கம்பெனி ஷாக். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் ஆனால் தலையாட்டல் சுத்தமாகப் போய்விட்டது. கோனி கம்பெனியில் எஃப்எஸ்டி என்று ஒன்று உண்டு, சின்னச் சின்ன வேகமான அதிர்வுக்குத் தானே இளகிக் கொடுக்கும், வீட்டில் சத்தம் தாங்காதவர்கள் இருந்தால் அதைப் பாருங்கள்.

பழைய ஸ்பானர், மொன்ட்ரியால்:

தம்பி, ஊரில் பஸ், லொறி என்றும் இங்கே வந்து ரக் என்றும் முப்பது வருசம் இதே வேலைதான் செய்தேன், இப்போது முதுகு விடாது, எழுதத்தான் முடியும்.

முதலில் ஒன்று விளங்கிக்கொள். ஷாக் பாரம் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஸ்பிரிங் ஒருக்கா அமுங்கினால் திரும்பத் திரும்பத் துள்ளும், அந்தத் துள்ளலை எண்ணெயில் அடக்கிச் சூடாக வெளியே விடுவதுதான் ஷாக்கின் வேலை. அதனால் வாகனம் சமதரையில் நிற்கும்போது பின்பக்கம் தாழ்ந்தோ ஒரு பக்கம் சரிந்தோ இருந்தால் அது ஸ்பிரிங்கின் வருத்தம், ஷாக் மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. நேராக நிற்குது, ஸ்பிரிங்கின் லீஃபில், அதாவது தகட்டில், வெடிப்பு இல்லை என்றால் அந்த கராஜ்காரர் சொன்ன ஸ்பிரிங்குக்கு அவசரப்படாதே. நீ சொன்ன தலையாட்டலும் கிண்ணத் தேய்மானமும் ஷாக் போனதற்கான குறிதான். ரக் தள்ளுவது வேறு கதை.

காரில் செய்வது போல பம்பரை அமுக்கிவிட்டுப் பார்க்கிற சோதனை இந்த ஆறு தொன் வீட்டுக்குச் சரிவராது. இதற்கு வேறு வழி இருக்கு. மோசமான ரோட்டில் அரை மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து, நிறுத்தின உடனே நாலு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார், கவனம், எக்சோஸ்ட் பக்கம் கை போகக் கூடாது. வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். மற்றது எல்லாம் சுட ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துப்போச்சு. உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பரவாயில்லை, தூசி ஒட்டிச் சேறு மாதிரி வழிந்திருந்தால் கழிவுதான்.

மாறன் சொன்னதோடு மூன்று விசயம் சேர்க்கிறேன். கேம்ப் போடும்போது வாகனத்தை மட்டமாக்கப் பாவிக்கிற ஜாக்கை நம்பிக் கீழே போகவே கூடாது. முன் சக்கரத்தைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்குக் கிட்டவாக, சக்கரத்தைத் தாங்குகிற ஐ-பீம் என்ற இரும்புச் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட் வை, பீம் தொங்கினால் பிரேக் ஹோஸை இழுக்கும். இரண்டாவது, துருப்பிடித்த போல்ட்டுக்குச் சூடு காட்டுகிறவர்கள் ஷாக்கின் உடம்புக்குச் சூடு காட்டக் கூடாது, உள்ளே அழுத்தத்தில் காஸ் இருக்கு, வெடிக்கும். மூன்றாவது, கீழ் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வாகனத்தின் பாரம் சக்கரத்தில் நிற்க வேணும். தொங்கவிட்டு இறுக்கினால் வளையத்துக்குள் இருக்கிற ரப்பர் புஷ் முறுகினபடியே நின்று சீக்கிரம் கிழியும். எத்தனையோ கராஜில் இதைச் செய்வதில்லை, பிறகு ஷாக் கொம்பனியைத் திட்டுவார்கள்.

புல்வெளிப்பறவை, கால்கரி:

கராஜ்காரரை முழுக்கத் திட்டிவிட வேண்டாம். ஸ்டியரிங் டாம்பரில் எண்ணெய் கசிந்தால் அதை மாற்றச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். டயரில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள்? 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பீர்கள், ஏனென்றால் டயரின் பக்கத்தில் அதுதான் அச்சடித்திருக்கிறது, நாங்களும் முதல் வருஷம் அப்படித்தான் ஓட்டினோம், மூட்டுக்கு மூட்டு பல் ஆடியது.

இ-450யில் வருவது எல்டி225/75ஆர்16 அளவு டயர், லோட் ரேஞ்ச் (பாரம் தாங்கும் வகுப்பு) இ. தனியாக நிற்கும் முன் டயர் ஒன்று 80 பிஎஸ்ஐயில் 2,680 பவுண்டு தாங்கும், பின்னால் ஜோடியாக நிற்பதில் ஒவ்வொன்றும் 2,470. அந்த முழுப் பாரத்துக்குத்தான் 80. உங்கள் முன் ஆக்சிலில் அவ்வளவு இருக்கிறதா என்று எடை போடாமல் எப்படித் தெரியும்? வழக்கம்போல நிரப்புகிற தண்ணீர், பெட்ரோல், ஆட்கள், அரிசி மூட்டையோடு லாரிகள் நிற்கும் இடங்களில் இருக்கிற கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடையில் ஏற்றுங்கள், ஆக்சில் ஆக்சிலாகச் சீட்டு தருவார்கள். அப்புறம் டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் காற்று வையுங்கள். எங்களுக்கு முன்னால் 4,200 பவுண்டுதான் வந்தது, இரண்டு டயருக்கும் சேர்த்து! 80 வைத்ததால் அது கருங்கல் மாதிரி ஓடியிருக்கிறது. டயரின் வயதையும் பாருங்கள், டயரின் பக்கத்தில் இருக்கிற டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும், 3114 என்றால் 2014இன் 31ஆவது வாரம்.

லாரி தள்ளுவதற்கு ஷாக் ஓரளவுக்குத்தான் உதவும். இந்த வண்டிகளில் பின் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நிறைய நீண்டிருக்கும், பின்னால் பாரம் ஏற ஏற முன்பக்கம் தராசுத் தட்டு மாதிரி எழும்பி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். அலைன்மென்ட்டில் (சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பதில்) கேஸ்டர் கோணத்தை, அதாவது முன் சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வை, பார்க்கச் சொல்லுங்கள், அது கூடினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் கூடும். இந்த முன் ஆக்சிலில் அதைத் திருத்த பால் ஜாயின்ட்டில் வேறு ஸ்லீவ் போட வேண்டியிருக்கலாம், கார் மட்டும் பார்க்கிற கடைக்குப் போகாதீர்கள்.

பில்ஸ்டீன் பற்றி மாறனோடு ஒத்துப்போக மாட்டேன். கரடு ரோட்டில் எனக்கு அது முரட்டுத்தனமாக இருந்தது. ஆனால் இது ருசி விஷயம்.

மிசிசாகா மாறன்:

பறவை, உங்கள் வண்டியில் அது முரட்டுத்தனமாக இருந்ததற்கு 80 பிஎஸ்ஐயும் காரணமாக இருக்கலாமே! காற்றைக் குறைத்தது ஷாக் மாற்றியதற்கு முன்னாலா பின்னாலா?

புல்வெளிப்பறவை, கால்கரி:

பின்னால்தான். சரி, ஒத்துக்கொள்கிறேன், பாதி மட்டும்.

தெருவோரக்கூடு, ஸ்காபரோ:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வார இறுதி போய்விட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எடை. முன் 4,060, பின் 9,380, மொத்தம் 13,440 பவுண்டு. என் வாகனத்தின் எல்லை 14,500, அதுக்குள்தான். ஆனால் பின் ஆக்சில் எல்லைக்குக் கிட்ட நிற்கிறது. பின் பெட்டியைத் திறந்து பார்த்தால் முந்தின சொந்தக்காரர் விட்டுப்போன சங்கிலி, மரக்கட்டை, இரண்டு பழைய பற்றரி, அதோடு எங்களுடைய 20 கிலோ அரிசிப் பை இரண்டு. எல்லாவற்றையும் இறக்கினேன். அரிசியை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தேன், மாமி விடமாட்டா.

பழைய ஸ்பானர் அண்ணை சொன்னபடி தொட்டுப் பார்த்தேன். முன் இடது ஷாக் குளிர்ந்தே இருந்தது. பின் இரண்டும் இளஞ்சூடு. கழற்றின பிறகு அந்த இடது ஷாக்கைக் கையால் அமுக்கினால் காற்றில்லாத சைக்கிள் பம்ப் மாதிரி உள்ளே போனது, வெளியே வரவும் இல்லை. பின் வலது ஷாக்கில் மேல் ரப்பர் புஷ்ஷே இல்லை, இரும்பும் இரும்பும் இடித்துத்தான் அந்த டக் டக் வந்திருக்கிறது. இதைக் கராஜில் ஒருவரும் கவனிக்கவில்லை, ஸ்பிரிங்தான் கண்ணுக்குத் தெரிந்ததாம்.

பின் இரண்டும் மூன்று மணித்தியாலத்தில் முடிந்தது, ஒரு போல்ட்டை மட்டும் வெட்டினேன். முன் வலது சரி. முன் இடது மாறன் சொன்ன அதே கதை, தண்டு நட்டோடு சுற்றிக்கொண்டே இருந்தது. ஆட்டி உடைக்கப் பார்த்தேன், உடையவில்லை, கடைசியில் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவர் தன்னுடைய மின்வாளைக் கொண்டுவந்து பத்து நிமிசத்தில் அறுத்துத் தந்தார். அவருக்கு மரவள்ளிக் கிழங்குப் பொரியலும் கட்டைச் சம்பலும் கொடுத்தோம்.

போட்டது பில்ஸ்டீன். முன் ரயரில் அட்டவணை பார்த்து 65 வைத்தேன், பின்னால் 80ஐ மாற்றவில்லை. போன சனி பாரி நகரம் வரை ஓடிப் பார்த்தேன். தலையாட்டல் போய்விட்டது, மேட்டில் ஏறினால் ஒரு தரம், அவ்வளவுதான். பின் அடியும் இல்லை. கிண்ணமாய்த் தேய்ந்த ரயரின் இரைச்சல் அப்படியே இருக்கிறது, அது ரயர் மாற்றும்வரை இருக்கும்போல. ரக் தள்ளுவது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, சாமான் இறக்கினதாலா ஷாக்காலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரக் பார்க்கிற ஒரு இடத்தில் அலைன்மென்ட்டுக்கு அடுத்த வியாழன் நாள் எடுத்திருக்கிறேன், கேஸ்டரைக் கேட்பேன்.

பழைய ஸ்பானர், மொன்ட்ரியால்:

நல்லது தம்பி. பாரி வரை ஓடின பிறகு எட்டு முனையையும் திரும்ப ஒருக்கா இறுக்கிப் பார்த்தாயா? பார்க்காவிட்டால் வியாழனுக்கு முன் பார்.