ரேஞ்சில் பொறுக்கிய 9 எம்எம் கேஸ்: எதை வைப்பது, எதை ஒதுக்குவது?

சாட்ஸ்வர்த் தம்பி:
வணக்கம். கிளப்பில் அனுமதி கேட்டு, தரையில் கிடந்த 9 எம்எம் பாராபெல்லம் கேஸ்களை, அதாவது சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகளை, மறுபடி தோட்டா செய்யச் சேர்த்து வைத்திருக்கிறேன். பாதி நம்ம தென்னாப்பிரிக்கக் கம்பெனி பிஎம்பி செய்தது, மீதி எல்லாம் கலவை. கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் கார்பைடு டையில் போட்டு எடுத்த பிறகும் சில கேஸ் பேரலுக்குள் (துப்பாக்கிக் குழலுக்குள்) முழுசாக இறங்கவில்லை, அடிப்பக்கம் சிக்குகிறது. டை பழுதா? இன்னொன்று, அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். கேஸையும் அப்படிக் கழுவலாமா?

மேரிட்ஸ்பர்க் அண்ணன்:
தம்பி, டை நல்லாத்தான் இருக்கும். அது எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பிரெஸ்ஸை முழுசாக மேலே ஏற்றும்போது டையின் அடி, கேஸைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரை மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தித் திருகாதீர்கள், கார்பைடு வளையம் விரிசல் விடும். தளர்ந்த சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) வைத்துச் சுட்ட கேஸ் அடியில் உப்பியிருக்கும். வளையத்தின் வாய் கொஞ்சம் வளைந்து இருப்பதால் கடைசி அடிவரை அது எட்டாது. சரியாக இறக்கி வைத்தும் பேரலில் விழாத கேஸை ஒதுக்கிவிடுங்கள். பித்தளை மலிவு தம்பி, உங்கள் விரல் மலிவில்லை.

ஆனால் என் கவலை டைக்கு முந்தின வேலை பற்றித்தான். ஒரு கை நிறைய எடுத்துக் குலுக்குங்கள். வாய் கீறின கேஸ் இருந்தால் சத்தம் மங்கிக் கேட்கும். அப்புறம் ஒவ்வொன்றின் உள்ளேயும் டார்ச் அடியுங்கள். அடியில் இரண்டு சின்னத் துளை இருந்தால் அது பெர்டான் ரகம், பழைய பிரைமரை (கேஸின் அடியில் தீப்பொறி தரும் சின்ன மூடி) வெளியே தள்ளும் ஊசியை உடைக்கும். சில கம்பெனி கேஸின் உட்சுவரில் படி மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். உள்ளே இடம் குறைவு, அந்த விளிம்பில் இரண்டாகப் பிரியவும் கூடும். அவற்றை நான் வைத்துக்கொள்வதே இல்லை. ராணுவத்துக்குச் செய்த கேஸில் பிரைமரைச் சுற்றி நசுக்கியிருப்பார்கள், அந்த நசுக்கலை எடுக்காமல் புதுப் பிரைமரை அழுத்தவே கூடாது.

.380 என்ற குட்டையான தோட்டாவின் கேஸும் கலந்திருக்கும். 9 எம்எம் கேஸ் அதிகபட்சம் 19.15 மில்லிமீட்டர், .380 சுமார் 17.3. கேஸின் வாய் விளிம்புதான் சேம்பரில் முட்டி நிற்கிறது, அதனால் நீளத்தைக் காலிப்பரில் பாருங்கள்.

புளி வேண்டாம். பிசுக்கு பிரைமர் குழியில் தங்கிவிடும். சிட்ரிக் ஆசிட் கொஞ்சம் கரைத்த தண்ணீரில் சில நிமிடம் போட்டு, நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள். அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து பித்தளை ரோஸ் நிறமாகிவிடும். அமோனியா கலந்த பாலிஷ் பக்கமே போகாதீர்கள், கேஸ் விரிசல் விடும்.

டோங்காட் அக்கா:
சமையல் பாத்திரத்தில் மட்டும் கழுவாதீங்க தம்பி! பிரைமர் கரியில் ஈயம் இருக்கு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வெளியே வைத்துச் செய்யுங்க, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. இன்னொன்று, காலி கேஸ் வைத்திருப்பது வேறு, பிரைமர் வேறு. நம்ம நாட்டின் 2000-ஆம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பிரைமரும் அம்யுனிஷன் (தோட்டா) கணக்கில்தான் வருது.

சாட்ஸ்வர்த் தம்பி:
நன்றி அண்ணா, அக்கா. டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. இறக்கியதும் நிறைய கேஸ் பேரலில் ‘டக்’ என்று விழுகிறது. கார்பைடு டைதானே, எண்ணெய் தேவையா?

மேரிட்ஸ்பர்க் அண்ணன்:
கட்டாயம் இல்லை. ஆனால் 9 எம்எம் கேஸ் வாய்ப்பக்கம் குறுகலாகவும் அடிப்பக்கம் பருமனாகவும் இருப்பதால் இழுவை அதிகம். சில கேஸுக்கு லேசாகத் தடவினால் கை நோகாது. அப்புறம் துடைத்துவிடுங்கள். ஒதுக்கிய கேஸின் வாயை இடுக்கியால் நசுக்கிப் போடுங்கள், வேறு யாரும் பொறுக்கிவிடக் கூடாது.