இசைத்தட்டின்ர நாலாம் பக்கத்தில் ஊசி துள்ளுது, உதவி வேணும்

வணக்கம். திருகோணமலை, உவர்மலையில இருந்து எழுதுறன். லண்டன்ல இருந்த சித்தப்பா விட்டுப்போன 'குவாட்ரோஃபீனியா' இசைத்தட்டு என்னட்ட இருக்கு. 'த ஹூ' எண்ட பிரித்தானிய ராக் இசைக்குழு 1973இல் வெளியிட்ட இரட்டை எல்.பி, அதாவது ரெண்டு தட்டு, நாலு பக்கம். பாட்டெல்லாம் சேர்ந்து, குழுவில இருந்த பீட் டவுன்ஷெண்ட் எழுதின ஒரு தொடர்கதை. ஜிம்மி என்ற பெடியன், தான் ஆரெண்டு தெரியாமல், நாலு குணமாப் பிரிஞ்சு, காதலும் கைவிட்டு, கடைசியில் கடலுக்கு நடுவில ஒரு பாறையில மழையோட நிற்பான். அந்தக் கடைசிப் பாட்டுத்தான் எனக்குக் கேட்கக் கிடைக்குதில்லை.

மூண்டு பக்கமும் சுத்தமாப் பாடுது. நாலாம் பக்கம் உள் வளையத்துக்கு வந்ததும் கரகரப்பு, பிறகு ஊசி துள்ளி அதே வரி திரும்பத் திரும்ப வருது. போன மாரிக்குப் பிறகுதான் இப்படி. உப்புக்காத்தும் ஈரமும் சேர்ந்து, வெள்ளைப் பொட்டாப் பூஞ்சணம் பிடிச்சிருந்தது.

பற்றரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டரால ரெண்டு தரம் மெதுவாத் துடைச்சன். தட்டில தூசு எடுக்கிற கார்பன் நார் பிரஷும் போட்டன். புது ஊசி மாத்தி, அழுத்தத்தை 2 கிராமுக்கு வச்சன். பிளேயரில பிழையில்லை, மற்ற தட்டுகள் கடைசி வரைக்கும் ஓடுது. தட்டு வளையவும் இல்லை. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தால் கீறலும் இல்லை, காணுக்குள்ள (ஊசி ஓடுற பள்ளக்கோட்டுக்குள்ள) மங்கலாப் படிவு மட்டும் தெரியுது. வெயில்ல வைக்கச் சொன்னாங்கள், வளைஞ்சிடும் எண்டு வைக்கேல்லை.

காணுக்குள்ள இறங்கின பூஞ்சணத்தைத் தட்டுக்குச் சேதமில்லாமல் எடுக்க என்ன செய்யலாம்?