பூஞ்சை பிடித்த கேசட்டை மீட்க வழி உண்டா?

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணனும் நானும் வீட்டிலேயே, ஒரே கேசட்டில் நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதியும் நான்கு தடப் பதிவுக் கருவியில் இசை அமைத்தோம்: தகரக் கூரை மழை, பல்சக்கர ரயிலின் கடகடப்பு, அம்மாவின் அம்மிக்கல். பிரதி எடுத்துத் தபாலில் நண்பர்களுக்கு அனுப்புவோம். எஞ்சியிருப்பது ஒரே மூல நாடா. அதன் ஓரத்தில் மாவு தூவியதுபோல் வெண்பூஞ்சை. சாதாரண கேசட் டெக்கில் சிறிது ஓட்டினேன். ஒரு பக்கம் இழுத்து இழுத்துப் பாடுகிறது, மறுபக்கம் தலைகீழாக. அண்ணன் இப்போது இல்லை. எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

பதில் 1:
தயவுசெய்து இனி ஓட்டாதீர்கள். பூஞ்சை டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பாகம்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மலையின் ஈரத்தில் வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் சில வாரம் உலர விடுங்கள். பிறகு முகக்கவசம் அணிந்து மென்துணியால் துடையுங்கள். வெயிலில் மட்டும் வேண்டாம், நாடா நெளிந்துவிடும்.

பதில் 2:
இழுத்துப் பாடுவது நாடா கெட்டதால் அல்ல, நிம்மதியாக இருங்கள். சாதாரண கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், பல நான்கு தடக் கருவிகள் அதைப்போல் இருமடங்கு வேகம். சாதாரண கேசட்டின் மறுபக்கம் எதிர்த்திசையில் பதிவாகும்; இதில் நான்கு தடங்களும் ஒரே திசையில் பதிவாவதால்தான் மறுபக்கம் தலைகீழாகக் கேட்கிறது. சுத்தம் செய்தபின் இரு பக்கங்களையும் கணினியில் ஏற்றி, வேகத்தை இரட்டித்து, இரண்டாவதைத் திருப்பிப் பொருத்துங்கள்.

கேட்டவர்:
அப்படியானால் அந்தத் தலைகீழ்ப் பக்கத்தில் இருப்பது அண்ணனின் புல்லாங்குழல். இன்றே டப்பாவில் வைத்துவிட்டேன்.