வடகொரியாவிலிருந்து தப்பி வருபவர்களுக்காகச் சீனாவிடம் உரக்கக் கேட்க வேண்டுமா?

அகல்:
2009ல் தென்கொரியா வந்து சேர்ந்த வடகொரியர்கள் 2,914 பேர். 2021ல் 63 பேர்தான். 2024ல் 236. கிம் ஜோங் உன் எல்லையை இறுக்கினார், கோவிட் வந்ததும் அடியோடு மூடினார். ஆனால் உயிரைப் பணயம் வைத்து, சீன எல்லையில் ஓடும் தும்மன் ஆற்றைத் தாண்டியவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புவது சீனா. அகதிகள் உடன்படிக்கையில் 1982லேயே சேர்ந்த நாடு, இவர்களை மட்டும் பிழைப்புத் தேடி எல்லை மீறியவர்கள் என்கிறது. சியோல் இதைப் பொதுவெளியில் கேட்டே ஆக வேண்டும்.

வழிப்போக்கன்:
கேட்டால் விட்டுவிடுவார்களா? 2004ல் வியட்நாமிலிருந்து 468 பேரை இரண்டு விமானங்களில் சியோலுக்குக் கொண்டுவந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் ஆள்கடத்தல் என்று வடக்கு கொதித்தது, இரு கொரியாக்களின் பேச்சுவார்த்தை நின்றுபோனது. 1997ல் வடகொரிய ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் ஹ்வாங் ஜாங் யோப் பெய்ஜிங்கில் தென்கொரியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தபோது, ஐந்து வாரம் பொறுமையாகப் பேசித்தான் பிலிப்பைன்ஸ் வழியாக வெளியே கொண்டுவர முடிந்தது.

அகல்:
ஹ்வாங் கதை ரகசியமாகவா நடந்தது? உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அவரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. 2002 மே மாதம் சீனாவின் ஷென்யாங் நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியத் துணைத் தூதரகத்தில் தஞ்சம் தேடி ஓடிய ஐந்து வடகொரியர்களில் இரண்டு பெண்களை வாசலிலேயே சீனக் காவலர்கள் பிடித்து இழுக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை பக்கத்தில் நின்று பார்க்கிறது. அந்தக் காட்சி வீடியோவில் பதிவாகித் தொலைக்காட்சியில் ஓடியது. இரண்டே வாரத்தில் அந்த ஐந்து பேரும் மணிலா வழியாகச் சியோல் போய்ச் சேர்ந்தார்கள். வீடியோ இல்லையென்றால் அவர்கள் கதி என்ன?

வழிப்போக்கன்:
ஐந்து பேர் தப்பினார்கள், சரி. அப்புறம் தூதரகங்களைச் சுற்றி முள்வேலி வந்தது, அடுத்து வந்தவர்களுக்கு அந்த வழியே இல்லாமல் போனது. அன்றைய சீனா ஒலிம்பிக்கை நடத்தக் காத்திருந்தது, உலகம் என்ன சொல்லும் என்று யோசித்தது. இன்று? 2024 மார்ச்சில் வடகொரியத் தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவை ரஷ்யா வீட்டோ போட்டு முடித்துவைத்தது. ஜூனில் புடின் பியோங்யாங்குக்கே போய் ஒப்பந்தம் போட்டார். ரஷ்யாவே இப்படி வடக்குக்குத் துணை நிற்கும்போது, சீனாவுக்கு யாருடைய கண்டனம் உறைக்கும்?

குறிஞ்சி:
நீங்கள் இருவரும் தூதரக வாசலிலேயே நிற்கிறீர்கள். தென்கொரியா வந்து சேர்ந்தவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். சீனக் கிராமங்களில் மனைவியாக விற்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அடையாள அட்டை கிடையாது. ரயில் ஏறவே பயம். அப்படி ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால் பிள்ளை இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம். உரக்கப் பேசினால் போலீஸ் முதலில் போய்த் தட்டுவது இவர்கள் வீட்டுக் கதவைத்தான் என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

அகல்:
பயம் நியாயம்தான், குறிஞ்சி. ஆனால் அமைதியாக இருந்தால் மட்டும் தட்டாமல் விடுகிறார்களா? 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்த கையோடு நூற்றுக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. தென்கொரிய அரசியல் சாசனத்தின் 3வது பிரிவு தீபகற்பம் முழுவதையும் தன் நிலம் என்கிறது. அப்படியானால் அந்தப் பெண்கள் அதன் குடிமக்கள். சொந்தக் குடிமக்களுக்காகக் கேட்கவும் தயக்கமா?

வழிப்போக்கன்:
குடிமக்கள் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ரஷ்யாவுக்காகப் போரிட வந்து 2025 ஜனவரியில் உக்ரைனிடம் பிடிபட்ட இரண்டு வடகொரிய வீரர்களும் தெற்குக்குப் போக வேண்டும் என்று பின்னர் சொன்னார்கள். அங்கே குறுக்கே சீனா இல்லை, அதனால் உரக்கக் கேட்டது சரி. தும்மன் கரையில் மட்டும் என் பதில் மாறாது. அங்கே ஒளிந்திருப்பவர்கள் முதலில் சீனாவை விட்டு வெளியே வரட்டும்.